கேமராவைச் சுற்றிய கை

"சினிமாவுக்கு இலக்கணம் எழுதியவர் கிரிஃபித்" என்று யாராவது ஆரம்பித்தாலே எனக்கு எரிச்சல் வந்துவிடுகிறது. சரிங்க, பேனாவைப் பிடித்தது யார்?

பில்லி பிட்ஸர். 1872-ல் பிறந்தவர். 1905-ல் நியூயார்க் சுரங்க ரயிலைப் படம் பிடித்தார். ஓடும் ரயிலுக்குப் பின்னால் இன்னொரு ரயிலில் கேமரா, பக்கத்துத் தண்டவாளத்தில் விளக்குகளோடு மூன்றாவது ரயில். இருட்டுக்குள் படம் எடுப்பது எப்படி என்ற கணக்கை அவர் போட்டபோது, கிரிஃபித் தன் முதல் படத்தை இயக்க இன்னும் மூன்று வருடம் இருந்தது.

1913 டிசம்பரில் கிரிஃபித் ஒரு பத்திரிகை விளம்பரம் கொடுத்தார். குளோசப், தூரக்காட்சி, ஃபேட் அவுட் என்று பட்டியல் போட்டு, எல்லாம் தன்னுடையவை என்றார். குளோசப்பை இங்கிலாந்துக்காரர்கள் 1900-லேயே எடுத்துவிட்டார்கள் என்பது ஒரு பக்கம். ஃபேட் அவுட் எப்படி நடந்தது? ஒரு கை கேமராவைச் சீராகச் சுற்றிக்கொண்டிருக்க, லென்ஸின் துவாரத்தை மெல்ல மூட வேண்டும். அந்த வேலையைச் செய்தவரின் பெயர் விளம்பரத்தில் இல்லை.

"பார்வை இயக்குநருடையது, கேமராமேன் வெறும் கருவி" என்பார்கள். 'இன்டாலரன்ஸ்' (1916) படத்தின் பாபிலோன் காட்சியைப் பாருங்கள். தண்டவாளத்தில் நகரும் கோபுரம், அதற்குள் இறங்கும் லிஃப்ட், அதில் நின்றபடி கையால் கேமராவைச் சுற்றும் பிட்ஸர். கோபுரமும் லிஃப்டும் அசைய அசைய, மணிக்கட்டின் வேகம் மாறக்கூடாது. கருவிக்கு இதெல்லாம் தெரியுமா? படங்களை வெட்டி அடுக்கி நம்மைப் பதறவைத்த திறமை கிரிஃபித்துடையது, மறுக்கவில்லை. ஆனால் வெட்டுவதற்குப் படம் வேண்டுமே!

எனக்கு ஏன் இவ்வளவு கோபம்? ராத்திரி பகலாக நான் எழுதிய நிரலை இன்னொருவர் மேடையில் விளக்கிக் கைத்தட்டல் வாங்கியதைக் கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்தவன் நான். அதனால் பிட்ஸர் என் கட்சி.

ஆனால் இங்கேதான் எனக்கே சிக்கல். 1915-ன் 'தி பர்த் ஆஃப் எ நேஷன்' படத்துக்கும் அவர்தான் ஒளிப்பதிவாளர். கறுப்பின மக்களைக் கொடியவர்களாகவும் கு க்ளக்ஸ் கிளானைக் காவலர்களாகவும் காட்டிய படம். அதே வருடம் கிளான் மறுபடி தொடங்கப்பட்டது. ஆள் சேர்க்க இந்தப் படத்தையே திரையிட்டார்கள். முகமூடிக் குதிரைக்காரர்கள் பாய்ந்து வரும் காட்சிகளில் அத்தனை வேகம் இருக்கிறது. அந்தக் கையும் பிட்ஸருடையதுதான். அதுமட்டுமல்ல, படத்துக்குத் தன் சேமிப்பையும் போட்டவர் அவர்.

பெருமை வரும்போது "நானும்தான்" என்றும், பழி வரும்போது "சொன்னதைச் செய்தேன்" என்றும் பேச முடியாது. நிரலாளர்கள் தினமும் புழங்கும் 'கிட்' மென்பொருளில், ஒரு வரியை எழுதியது யார் என்று காட்டும் கட்டளைக்குப் பெயர் 'பிளேம்'. பழி என்று அர்த்தம். வரி நன்றாக இருந்தாலும் அதே கட்டளைதான்.

பிட்ஸர் 1944-ல் இறந்தார். அவருடைய சுயசரிதை 1973-ல்தான் புத்தகமாக வந்தது. அவர் பெயரைச் சேர்த்துச் சொல்லுங்கள் என்று இனியும் சண்டை போடுவேன். குளோசப்புக்கு மட்டுமல்ல, அந்தக் குதிரைகளுக்கும் சேர்த்து. என் நிரலுக்கும் இதே நியாயம்தான்.