வீட்டுக்கு ஒன்று, மலைக்கு ஒன்று

ரேடியோ என்பது கேட்பதற்கு மட்டுமே ஏற்பட்டது என்று நம்மில் பெரும்பாலோர் எண்ணுகிறோம். கேட்பதோடு நில்லாமல் பதிலும் பேசலாம் என்று கண்டவர்களே அமெச்சூர் ரேடியோக்காரர்கள். இதில் அவர்களுக்கு ஊதியம் கிடையாது. வியாபாரம் பேசக் கூடாது. சர்க்காரிடம் லைசென்சு பெறாமல் வாய் திறக்கவே கூடாது. இத்தனைக்கும் கட்டுப்பட்டு ஒருவர் தம் கைப்பணத்தைப் போட்டுப் பெட்டி வாங்குகிறார் என்றால், அதில் ஏதோ ருசி இருக்கத்தான் வேண்டும். அந்த ருசியை அனுபவத்துக்கு விட்டுவிட்டு, பெட்டியைப் பற்றி மட்டும் இந்த வாரம் எழுதுகிறோம்.

"கையில் செல்போன் இருக்கும்போது இந்த வீண் செலவு எதற்கு?" என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் செல்போனுக்குக் கோபுரம் வேண்டும். கோபுரத்துக்கு மின்சாரம் வேண்டும். ஒன்று முறிந்தாலும் கையிலிருக்கும் கருவி வெறும் கண்ணாடித் துண்டுதான். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் தேதி கடல் பொங்கி அந்தமான் தீவுகளின் தொடர்பு அறுந்தபோது, பாரதி பிரசாத் என்ற அம்மையாரும் அவருடைய குழுவினரும் போர்ட் பிளேரில் இருந்தனர். அமெச்சூர் ரேடியோ பரிசோதனைக்காகச் சென்றிருந்த அவர்கள், அந்தப் பெட்டிகளைக் கொண்டே தீவுகளிலிருந்தவர்களின் க்ஷேமத்தைத் தாய்நாட்டுக்குத் தெரிவித்தார்கள். பொழுதுபோக்காக ஆரம்பித்த காரியம் ஒரே நாளில் பொதுத்தொண்டாகி விட்டது.

நம் கள்ளக்குறிச்சிப் பக்கத்துக்கு இது தூரத்துக் கதை அல்ல. 2024 நவம்பர் 30-ஆம் தேதி இரவு புதுச்சேரி அருகே கரை கடந்த பெஞ்சல் புயல், விழுப்புரம், கள்ளக்குறிச்சி ஜில்லாக்களில் பெருமழையைக் கொட்டித் தீர்த்தது. 2019-இல் தனி ஜில்லாவான கள்ளக்குறிச்சியின் மேற்கே கல்வராயன் மலை நீண்டு கிடக்கிறது. வெள்ளிமலையையும் கரியாலூரையும் சுற்றிலும் மலை மடிப்புகளுக்குள் சிற்றூர்கள் பல. மழைக்காலத்தில் பாதையும் போனும் ஒருங்கே அற்றுப்போனால், பிரசவ வேதனையில் இருக்கும் ஒரு பெண்ணுக்காக யார் யாரிடம் சொல்வது? பெட்டி வாங்குவோர் இந்தக் கேள்வியை முன்வைத்துத் தேர்வு செய்ய வேண்டும் என்பது நம் அபிப்பிராயம்.

முதலில் அலைகளின் இயல்பைத் தெரிந்துகொள்ளுதல் அவசியம். 145 மெகாஹெர்ட்ஸ் அளவிலுள்ள குற்றலைகள் ஏறக்குறையக் கண்பார்வையைப் போலவே நேராகச் செல்பவை. ஏரியலின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.1-ஆல் பெருக்கினால், அலை எட்டும் தூரம் கிலோமீட்டரில் கிடைக்கும். கள்ளக்குறிச்சியில் 10 மீட்டர் உயர மாடியிலிருந்து 13 கிலோமீட்டர். எதிர்த்தரப்பிலும் அதே உயரம் இருந்தால் 26 கிலோமீட்டர். ஆகவே சின்னசேலம் எட்டும். உளுந்தூர்ப்பேட்டை எளிதில் எட்டாது. மலையிலோ, சமவெளிக்கு மேல் 700 மீட்டர் உயரத்தில், தடையில்லாத ஓர் உச்சியில் நின்றால், அதே சிறு கருவிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் வழி திறக்கிறது. பணம் கொடுத்து வாங்க முடியாத ஏரியல் கோபுரத்தை இயற்கையே இலவசமாகக் கட்டி வைத்திருக்கிறது.

ஆனால் உச்சியில் நிற்பவருக்குக் கிடைக்கும் இந்தச் சலுகை மடிப்புக்குள் இருப்பவருக்குக் கிடையாது. நடுவிலுள்ள குன்று அலையைத் தடுத்துவிடும். அங்கே 7 மெகாஹெர்ட்ஸ் அளவிலுள்ள நீண்ட அலையே கைகொடுக்கும். கம்பியைத் தாழக் கட்டினால், அலை நேர் மேலே சென்று வானத்தின் மின்னூட்டப் படலத்தில் பட்டு, குடைபோல் விரிந்து கீழே இறங்குகிறது. குன்றைச் சுற்றிப் போக வேண்டியதில்லை, தாண்டியே வந்துவிடுகிறது. பகலில் இது பெரும்பாலும் நன்றாக நடக்கும். இரவில் அண்மையிலுள்ள ஊர்களுக்கு 3.5 மெகாஹெர்ட்ஸ் பகுதியே ஏற்றது.

இனிப் பெட்டிக்கு வருவோம். கடைக்காரர் முதலில் 100 வாட் பெட்டியைத்தான் காட்டுவார். 5 வாட்டைவிட அது 20 மடங்கு பெரிது. ஆனால் கேட்பவரின் மீட்டரில் முள் ஏறுவது இரண்டு படிக்குச் சற்று மேல்தான். மின்சாரத்தை விழுங்குவதிலோ அது சூரன். பேசும்போது 20 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். 7 ஆம்பியர்-மணி பாட்டரியில் இடைவிடாமல் பேசினால் கால் மணி நேரம் தாங்குவதே அதிகம். 5 வாட் பெட்டி இரண்டு ஆம்பியருக்குள் அடங்குவதால், அளவாகப் பேசுவோருக்கு அதே பாட்டரி ஒரு பகற்பொழுதுக்குப் போதும். மலையேறுகிறவர் தோளில் சுமக்க வேண்டியது பெட்டியை மட்டும் அன்று, பாட்டரியையும்தான் என்பதை மறக்கலாகாது.

ஆகவே நடுத்தரக் குடும்பத்தார்க்கு நாம் சொல்லும் வரிசை இது. முதலில் 5 வாட் கைக்கருவி ஒன்றும், மாடியில் அதற்கு ஒரு நல்ல ஏரியலும். அடுத்து, வீட்டு மேஜைக்கும் மலைப் பைக்கும் பொதுவான சிறிய நீண்ட அலைப் பெட்டி. பெரிய பெட்டி கடைசியில். அதுவும் தேவை தோன்றினால் மட்டும்.

மிச்சமாகும் பணத்தைக் கம்பியில் போடுங்கள். 7 மெகாஹெர்ட்ஸுக்கு வேண்டிய ஏரியல், நடுவில் பிரித்த 20 மீட்டர் செப்புக் கம்பிதான். இரண்டு மரங்களும் சிறிது கயிறும் இருந்தால் கட்டிவிடலாம். குற்றலைக்கோ 49 சென்டிமீட்டர்க் குச்சியே போதும். ஆனால் மாடியிலிருந்து அறைக்கு வரும் இணைப்புக் கம்பியில் சிக்கனம் கூடாது. ஆர்.ஜி. 58 என்னும் மெல்லிய கம்பியில் 20 மீட்டர் ஓடினால், 145 மெகாஹெர்ட்ஸில் சக்தியில் பாதிக்கு மேல் வழியிலேயே கரைந்துபோகும். தடித்த ஆர்.ஜி. 213-இல் நஷ்டம் அதைவிடக் குறைவு. மின்சாரக் கம்பிகளின் அருகே ஏரியலைக் கட்டாதீர்கள். இடி முழங்கும்போது இணைப்பைக் கழற்றி வெளியே போட்டுவிடுங்கள். மாடி ஏரியலுக்குத் தரைக்கம்பி கட்டாயம்.

எல்லாவற்றையும் சீமையிலிருந்து தருவிக்க வேண்டும் என்பதும் இல்லை. ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷ்ஹர் பர்ஹான் அமைத்த 'பிட்எக்ஸ்' என்னும் பெட்டியை, நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் சாமான்களைக் கொண்டே கட்டலாம். தண்ணீர்க் குழாய்க்குப் போடும் வாஷரின்மேல் கம்பி சுற்றிச் சுருள் செய்யும் அளவுக்கு அதில் சிக்கனமும் சாமர்த்தியமும் உண்டு. உலகெங்கும் அமெச்சூர்கள் இதைப் பார்த்துக் கட்டியிருக்கிறார்கள். இந்தத் துணிவு நமக்குப் புதிதும் அல்ல. 1924-இல் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் முயற்சியால் பிறந்த சென்னை மாகாண ரேடியோ சங்கம், சர்க்கார் நிலையம் ஏற்படும் முன்பே ஒலிபரப்பியது. 1942-இல் உஷா மேத்தாவும் தோழர்களும் பம்பாயில் ரகசியமாக நடத்திய காங்கிரஸ் ரேடியோ, பூட்டப்பட்ட தேசத்தின் வாயைத் திறந்தது. சென்னைச் சங்கம் 1927-இல் பணமுடையால் ஒலிபரப்பை நிறுத்தியது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். சக்திக்கு மீறிய பெட்டி நெடுநாள் பேசாது.

அன்று ரகசியமாகச் செய்ததை இன்று பகிரங்கமாகச் செய்யலாம். பன்னிரண்டு வயது நிரம்பிய எவரும் மத்திய சர்க்காரின் பரீட்சைக்கு உட்காரலாம். கீழ்ப்படி லைசென்சுக்கு மார்ஸ் சங்கேதமும் கட்டாயம் அல்ல. பெட்டிக்கு முன் பரீட்சை என்பதே முறை. பெண்களும் தயங்க வேண்டாம். போர்ட் பிளேரில் பேசிய குரல் ஒரு பெண்ணின் குரல்தான். கள்ளக்குறிச்சி மாடியில் ஒருவரும் வெள்ளிமலையில் ஒருவரும் மாதம் ஒரு முறையாவது பேசிப் பழகி வைத்தால், அடுத்த புயலன்று மலை ஊமையாகி நிற்காது.