முப்பது நாள் டிரைவர்

மேட்டூரில் ஒரு டீக்கடையில் லாரி முதலாளி ஒருவர் என்னிடம் சொன்னார்: "பையன்கிட்ட லைசென்ஸ் இருக்குதுங்க. இதுக்கு மேலே என்னங்க பயிற்சி? இன்னிக்கு ராத்திரி ஓசூர் போறான். நாளைக்கு அங்கே லோடு ஏத்திக்கிட்டுத் தொப்பூர் வழியா வந்துடுவான்."

அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. சட்டமே நாளையும் மணியையும்தான் எண்ணுகிறது. 1989-ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகள், லாரிப் பயிற்சிக்கு 30 நாள், அதில் வண்டி ஓட்டுவது 15 மணி என்றன. 2021-இல் அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிலையங்களுக்கென்று வந்த ஏற்பாடு 38 மணி என்கிறது. கூடியிருக்கிறது, சந்தோஷம். ஆனால் காலி வண்டியில் மைதானத்தைச் சுற்றினாலும் மணி ஓடத்தானே செய்யும்?

தொப்பூர் கணவாய்க்கு இந்த மணிக்கணக்கு தெரியாது. தர்மபுரியிலிருந்து சேலத்துக்கு வரும் லாரி அங்கே சரிவில் இறங்க வேண்டும். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் டிரம் சூடேறும். சூடேறச் சூடேறப் பிடிப்புக் குறையும். கடைசியில் கால் மிதிக்கும், வண்டி நிற்காது. ஏறுவதற்கு எந்தக் கியர் வேண்டுமோ அதே கியரில் இறங்கு என்பது பழைய டிரைவர்களின் கணக்கு. டீசல் மிச்சமென்று நியூட்ரலில் விடுகிறவர்களும் உண்டு. இன்றைய எஞ்சின்களில் அந்த மிச்சம்கூடக் கிடையாது. கியரில் இறங்கும்போது டீசல் நின்றுவிடுகிறது; நியூட்ரலில்தான் செலவாகிறது! 2020 டிசம்பரிலும் 2024 ஜனவரியிலும் இதே சரிவில் லாரி மோதி உயிர்கள் போனதை ஊரே பார்த்தது.

முன்பெல்லாம் கிளீனராக ஏறியவன் வருஷக்கணக்கில் திட்டு வாங்கித்தான் டிரைவரானான். அந்தக் காலம் போயிற்றே என்று அழ நான் தயாரில்லை; சிறுவர்களின் உழைப்பைத் தின்ற முறை அது. ஆனாலும் புதியவன் பக்கத்தில் விஷயம் தெரிந்த ஒருவன் உட்கார்ந்திருந்தான். இன்றோ கிளீனர் சம்பளம் மிச்சமென்று டிரைவரைத் தனியாக அனுப்புகிறார்கள்.

எத்தனை நாள் பயிற்சி என்று கேட்பதை விடுங்கள். எத்தனை இறக்கம் என்று கேளுங்கள். முழுப் பாரத்தோடு, மூத்த டிரைவர் பக்கத்தில் இருக்க, பகலில் ஐந்து தடவை, இரவில் ஐந்து தடவை, மழையில் ஒரு தடவையாவது அவன் மலை இறங்கட்டும். அதுவரை இருவருக்கும் முழுச் சம்பளம், செலவு முதலாளியுடையது. கட்டுப்படியாகாது என்பார்கள். இன்ஷூரன்ஸ் கட்டுவது மட்டும் கட்டுப்படியாகிறதா? நாமக்கல் பட்டறைகளில் ஒரு லாரிக்குப் பாடி கட்ட எத்தனை பேர் எத்தனை நாள் உழைக்கிறார்கள்! அதை ஓட்டுகிறவனிடம் மட்டும் ஏன் இந்த அவசரம்?

மறுநாள் பையன் பத்திரமாக வந்து சேர்ந்தான். "பார்த்தீங்களா?" என்று சிரித்தார் முதலாளி. பார்த்தேன். அவனுடைய அதிர்ஷ்டத்தைப் பார்த்தேன். அதை நம்பித்தான் நாம் எல்லோரும் தொப்பூரில் அவன் வண்டிக்கு முன்னால் பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கிறோம்.