ஐம்பது சிப் பெட்டிக்குள்ளேயே கிடக்கட்டும்

வீட்டில போக்கர் டோர்னமெண்ட் வைக்கிற கனபேர், பெட்டியில அஞ்சு நிறச் சிப் இருந்தால் அஞ்சையும் மேசையில பரப்புவினம். தேவையே இல்லை எண்டுதான் சொல்லுவன். 25, 100, 500, 1000 எண்ட நாலும் போதும். இடையில 50ஐச் செருகினால், ரெண்டு 25 செய்கிற வேலையைத்தான் அது செய்யும். எண்ணுறதுக்கு இன்னொரு நிறம் கூடும், அவ்வளவுதான்.

ஆளுக்கு 10,000 எண்டால் 25இல் 8, 100இல் 8, 500இல் 4, 1000இல் 7 குடுங்கோ. மொத்தம் 27 சிப். கட்டாயப் பந்தயமான பிளைண்ட் 25/50இல் தொடங்கினால் ஆற அமர விளையாடலாம். 25களை அள்ளிக் குடுக்க வேண்டாம். பிளைண்ட் 100/200 ஆனதும் அவற்றுக்கு வேலையில்லை. பெரிய சிப்பாக மாற்றி எடுத்துவிடலாம்.

எனக்கு இதில முக்கியமாப் படுறது புதுசா வாற ஆள்தான். நிறங்களுக்குள்ள தடுமாறி, "இது எவ்வளவு?" எண்டு ஒவ்வொரு கையிலும் கேட்கவேண்டி வந்தால் அவர் அடுத்தமுறை வரமாட்டார். டோர்னமெண்டில எல்லாரும் ஒரே தொகையோடதான் தொடங்குகிறோம். ஆனால் தன்ர தொகையை ஒரு பார்வையில எண்ண ஏலாதவருக்கு அது என்ன சமம்?