மரவட்டையும் அல்ல, எதிரியும் அல்ல

எதிர்வீட்டு அம்மா மாடியில் முப்பது தொட்டி வைத்திருக்கிறார். போன வாரம் ஒரு தொட்டியைத் தூக்கினாராம். அடியில் சாம்பல் நிறத்தில் நூறு பூச்சி. மருந்துக் கடையில் போய்ச் சொன்னதும், "மரவட்டைம்மா, இதைத் தூவுங்க" என்று ஒரு பொடியைக் கொடுத்துவிட்டார்கள். கடைக்காரர் பூச்சியைப் பார்க்கவே இல்லை. மூன்றாம் நாள் பூச்சியும் செத்தது, மண்புழுவும் செத்தது. "சார், மண்புழு ஏன் சாகணும்?" என்று என்னிடம் வந்து கேட்கிறார்.

முப்பத்தைந்து வருஷம் அரசு அலுவலகத்தில் கோப்பு கட்டியவன் நான். தப்பான தலைப்பில் கட்டிய காகிதம் என்ன பாடு படும் என்று எனக்குத் தெரியும். இந்தப் பிராணிக்கும் அதே கதிதான்.

புதுச்சேரியில் நான் படித்த பிரெஞ்சுப் பள்ளியில் 'லெசோன் தெ ஷோஸ்' என்று ஒரு பாடம் உண்டு. பொருளைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்துப் படிப்பது. இதை எங்கள் வாத்தியார் 'க்ளோபோர்த்' என்பார். "முதலில் காலை எண்ணு, பிறகு பெயர் சொல்" என்பது அவர் கட்டளை. எண்ணினால் பதினான்கு கால். பூச்சி என்றால் ஆறு கால்தான் இருக்க வேண்டும். ஆகவே இது பூச்சியே அல்ல. நண்டுக்கும் இறாலுக்கும் சொந்தம், கடலை விட்டுக் கரையேறிய கிளை. செவுள் வழியாக மூச்சு விட்ட வம்சம் என்பதால்தான் ஈரம் காய்ந்தால் செத்துவிடும், தொட்டி அடியே கதி என்று கிடக்கும். தாய் முட்டைகளை வயிற்றடியில் ஒரு பையில் சுமக்கும். அதை ஒருநாள் பூதக்கண்ணாடியில் காட்டினார். அறுபது வருஷம் ஆகியும் மறக்கவில்லை.

மரவட்டைக்கு ஒவ்வொரு வளையத்திலும் பெரும்பாலும் இரண்டு ஜோடிக் கால், எண்ணி மாளாது. அது சுருண்டால் முறுக்கு. இது சுருண்டால் மிளகு. இதற்கு மேல் என்ன அடையாளம் வேண்டும்?

இதிலும் எல்லாம் சுருளாது. விபூதி பூசினாற்போல் நீலம் கலந்த சாம்பல் நிறம், பின்னால் இரண்டு சிறு வால் நீட்டிக்கொண்டு, தொட்டியை நகர்த்தியதும் தலைதெறிக்க ஓடுகிறதே, அது சுருளாத வகை. போர்செல்லியோனிதெஸ் என்று பெயர். உலகம் முழுக்க மனிதனோடு கூடவே பரவியது. சுருளும் வகைக்குப் பின்வால் வெளியே நீளாது, முதுகு மேடாக இருக்கும். ஐரோப்பியத் தோட்டங்களில் கிடக்கும் சுருளும் வகையை 1804-இல் முறைப்படி விவரித்தவர் லத்ரேய் என்ற பிரெஞ்சுக்காரர். அந்த நாட்டில் க்ளோபோர்த் என்றால் வாசல் காக்கும் ஆளைக் கிண்டலாகச் சொல்வதும் உண்டு. கதவைச் சாத்துபவர் என்று பிரித்துப் பொருள் சொல்வார்கள். அது கிடக்கட்டும்.

"வேரெல்லாம் அழுகிப்போச்சு, இதுதான் அங்கே இருந்தது" என்கிறார்கள். தாமதமான கோப்பு யார் மேசையில் கிடந்ததோ அந்தக் குமாஸ்தாவே குற்றவாளி என்கிற நியாயம் இது! இந்த நியாயத்தால் நான் ஒருமுறை மெமோ வாங்கியிருக்கிறேன். வேரை அழுக வைத்தது நீங்கள் ஊற்றிய தண்ணீர். அழுகியதைத் தின்ன வந்தது இது. காய்ந்த இலை, மக்கிய கட்டை, இவற்றை அரைத்து மண்ணுக்கே திருப்பிக் கொடுப்பதுதான் இதன் உத்தியோகம். சம்பளமும் கேட்பதில்லை, பென்ஷனும் கேட்பதில்லை. மரவட்டையும் பெரும்பாலும் இதே வேலைதான் பார்க்கிறது. அதற்கும் விஷம் வேண்டாம்.

இளம் நாற்றைக் கடிக்காதா என்றால், கடிக்கும். கூட்டம் அதிகமானால் முளைத்த கீரையையும், மண்ணில் படிந்த பழத்தையும் தொடும். மறுக்கவில்லை. நாற்றைத் தனித் தட்டில் வளர்த்து நாலு இலை விட்டதும் நடுங்கள். தொட்டிக்கு அடியில் இரண்டு செங்கல் வைத்துத் தூக்குங்கள், தண்ணீரைக் குறையுங்கள். அதற்கு ஒரு பைசா செலவில்லை.

எதிர்வீட்டு அம்மாவிடம் மிச்சப் பொடியை வாங்கி என் அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறேன். அவரிடம் என் பூதக்கண்ணாடியைக் கொடுத்திருக்கிறேன். நேற்று மாடியிலிருந்தே குரல் கொடுத்தார்: "சார், பதினாலுதான்!"