வெள்ளவத்தை திறக்கும், கொட்டாஞ்சேனை திறக்காது

கொழும்பில் வீட்டு இலக்கம் என்றால் அதில் சாய்கோடு இல்லாமல் இராது. காணியைப் பிரித்தால் 14/1, 14/2. அதன்மேல் மாடி எழுப்பினால் 14/2, 1/1. காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கைகளில் தொடர்மாடிகள் முளைத்த பிறகு வெள்ளவத்தை முகவரி முழுக்க இந்தச் சாய்கோடுதான். தபால்காரருக்கு அதில் ஒரு குழப்பமும் இல்லை. குழம்புவது கணினி. ‘14/2 ஹாமர்ஸ் அவெனியூ’ என்று கோப்புக்குப் பெயர் கொடுத்தால், ‘14’ என்றொரு கோப்புறை எங்கே என்று அது என்னைக் கேட்கிறது.

கொட்டாஞ்சேனையில் ஓர் அச்சகத்துக்குப் பைதனில் சின்னச் சின்ன நிரல்கள் எழுதிக் கொடுக்கிறேன். கலியாணக் காட், அந்தியேட்டி அழைப்பு, கல்வெட்டு எல்லாவற்றையும் இடம், முகவரி, பெயர் என்று பிரித்துக் கோப்புறைகளில் போடவேண்டும். கேட்கிறவர்களுக்கு இது ஒரு பின்னேர வேலை.

அங்கே வேலைக் கணினிகளில் இருப்பது விண்டோஸ். அதில் பாதை எழுதப் பின்பக்கம் சாயும் கோடு. அதன் முன்னோடியான டாஸின் 1981இல் வந்த முதல் பதிப்பில் கோப்புறையே கிடையாது. முன்பக்கம் சாயும் கோட்டைக் கட்டளைகளின் தெரிவுகளுக்கு எடுத்துக்கொண்டார்கள். 1983இல் கோப்புறை வந்தபோது மிஞ்சியது மற்றக் கோடு. சி மொழியிலும் பைதனிலும் அந்தக் கோட்டுக்கு வேறு வேலை இருப்பதைப் பற்றி யாருக்குக் கவலை? விண்டோஸில் எல்லோருடைய கோப்புகளும் சி டிரைவில் ‘யூசர்ஸ்’ என்ற கோப்புறைக்குள்தான். கோட்டுக்குப் பின்னால் பெரிய ‘யூ’ வந்தால் பைதன் 3 அதை யூனிகோட் எண்ணின் தொடக்கம் என்று எடுத்துக்கொண்டு, ஒரு வரியும் ஓடுமுன்பே பிழை என்று நிறுத்திவிடும். வீட்டு வாசலிலேயே தடுக்குகிறது. 2014இல் பைதன் 3.4உடன் வந்த பாத்லிப் நூலகம் இந்தத் தொல்லையை எவ்வளவோ குறைத்தது, மறுக்கவில்லை. ஆனால் அதுவும் துண்டுகளைச் சேர்ப்பது சாய்கோட்டால்தான். 14/2ஐக் கொடுத்தால் அதுவும் இரண்டாகத்தான் பிரிக்கும்.

இதெல்லாம் உலகத்துக்குப் பொதுவான தலையிடி. எங்களுக்கென்று தனியாக ஒன்று இருக்கிறது. முதலாளியின் மகன் பழைய மாக் ஒன்றில் வடிவமைப்பான். அதிலிருந்து வந்த கோப்புகளை லினக்ஸ் சேவையகத்தில் போட்டால் ‘வெள்ளவத்தை’ திறக்கும், ‘கொட்டாஞ்சேனை’ திறக்காது. முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு திரையில் விரலை வைத்தார்: “தம்பி, பேர் இதிலதானே கிடக்கு. உங்கட புரோகிராமுக்கு மட்டும் ஏன் தெரியேல்லை?”

குற்றம் ‘கொ’வில். யூனிகோடில் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம். கொம்பு ஒன்று, கால் ஒன்று என்று இரண்டாகவும் எழுதலாம். விண்டோஸ் விசைப்பலகை வழக்கமாக ஒன்றாகக் கொடுக்கிறது. பழைய மாக்கின் கோப்பு முறைமை அதை இரண்டாக உடைத்துத்தான் சேமிக்கும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. லினக்ஸோ எழுத்தைப் பார்ப்பதில்லை, பைட்டைத்தான் பார்க்கிறது. ஒரு ‘கொட்டாஞ்சேனை’ 36 பைட், மற்றது 39. வெள்ளவத்தையில் ஒகரமே இல்லாததால் அது தப்பிவிட்டது. அதுவும் எவ்வளவு நேரத்துக்கு? எல்லாவற்றுக்கும் மேலே ‘கொழும்பு’ என்று ஒரு கோப்புறை வைத்தால் வெள்ளவத்தைக்கும் வழி அடைபட்டது. இரண்டு வடிவத்தையும் ஒன்றாக்கும் வசதி பைதனிலேயே உண்டு. ஆனால் பெயரைத் தொடும் ஒவ்வொரு இடத்திலும் மறக்காமல் அதைக் கூப்பிடவேண்டும், மற்றவன் எழுதிய நிரலும் கூப்பிடவேண்டும்.

ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பாமினி எழுத்துருவின் பழைய கோப்புகளோ இன்னொரு கூத்து. தலைப்பை வெட்டிக் கோப்புப் பெயராக ஒட்டியிருப்பார்கள். பாமினியில் ‘க’ சின்ன எஃப், ‘கு’ பெரிய எஃப். விண்டோஸ் இரண்டையும் ஒன்றாகவே கொள்வதால் ‘கடை’ இருக்கும் கோப்புறையில் ‘குடை’யை வைக்க முடியாது. மெய்யெழுத்தின் புள்ளி அரைப்புள்ளி விசையில். லினக்ஸ் முனையத்தில் அரைப்புள்ளி என்றால் கட்டளை அதோடு முடிந்தது. மேற்கோளுக்குள் போடாவிட்டால், முதல் மெய்யெழுத்திலேயே பெயர் முறிந்து மிச்சம் புதுக் கட்டளையாக ஓடப் பார்க்கும்.

யாரிடம் சொன்னாலும் ஒரே பதில்: “ஆங்கிலத்தில் பெயர் வையுங்கள், இடைவெளி விடாதீர்கள், சாய்கோடு போடாதீர்கள்.” யூனிகோட் வந்து முப்பது வருடம் கடந்துவிட்டது. இன்னும் எங்கள் ஊர்ப் பெயரை எங்கள் எழுத்தில் வைப்பது எங்கள் பிழையாம்! முகவரியையும் இனி மாநகர சபையிடம் போய் மாற்றி வாங்கட்டுமா?

கடைசியில் சாய்கோடு வரும் இடமெல்லாம் சிறுகோடு போட வைத்தேன். 14/2 இப்போது 14-2. அச்சகத்துப் பையன் விநியோகச் சீட்டுக்கு முகவரியைக் கோப்புறைப் பெயரிலிருந்தே பார்த்து எழுதுகிறானாம். நேற்று ஓட்டோக்காரர் ஒழுங்கை முனையில் நின்று எனக்கே கோல் எடுத்துக் கேட்கிறார், பதினாலாம் நம்பரா, ரெண்டாம் நம்பரா என்று.