ஏடும் வேண்டும், சோறும் வேண்டும்

வட்டுக்கோட்டையில் இன்று யாழ்ப்பாணக் கல்லூரி நிற்கும் வளவிலே, 1823 ஆம் ஆண்டில் அமெரிக்க மிஷனைச் சேர்ந்த டானியல் பூவர் ஐயர் தொடங்கிய செமினரியைக் குறித்து நம்மவர் பேசும்போது, கணிதமும் வானசாஸ்திரமும் தமிழும் ஆங்கிலமும் அங்கே ஒருங்கு போதிக்கப்பட்ட பெருமையை எடுத்துரைப்பதே வழக்கம். அப்பெருமை மெய்யே, எனினும் அந்த வித்தியாசாலையின் சூட்சுமம் அதன் சமையற்கட்டில் இருந்தது என்பது எமது துணிபு. தொடக்க காலத்தில் அங்கு சேர்ந்த பிள்ளைக்குப் பாடத்தோடு உணவும் உடையும் உறைவிடமும் கொடுக்கப்பட்டன. பசித்த வயிற்றில் சாஸ்திரம் ஏறாது என்பதை அதை நடத்தியவர்கள் அறிந்திருந்தார்கள்.

அதன் பலன் சிறிதன்று. சென்னைச் சர்வகலாசாலையின் முதற் பட்டதாரிகளான கறோல் விசுவநாதபிள்ளையும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் இச்செமினரியின் மாணாக்கரே. சிறுப்பிட்டியில் பிறந்து இங்கு பயின்ற தாமோதரம்பிள்ளை, செல்லரித்த ஏடுகளைத் தேடி ஒப்புநோக்கி, 1887 இல் கலித்தொகையை அச்சேற்றினார்.

ஆயினும் 1855 இல் அச்செமினரி மூடப்பட்டது. மாணவர் வேண்டி நின்றது ஆங்கிலக் கல்வியும் அதனால் வரும் உத்தியோகமும். மிஷன் வேண்டியது சுவிசேஷ ஊழியம். கடல் கடந்திருந்த சபையாரின் நோக்கம் மாறியவுடன், முப்பத்திரண்டு ஆண்டுகள் திறந்திருந்த கதவு அடைபட்டது. 1872 இல் அதே இடத்தில் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்ததற்கு நம்மூரவரின் விடாமுயற்சியும் ஒரு காரணம். தானமாக வரும் கல்வி, கொடுப்பவரின் மனம்போல் வரும், போகும் என்பதே இதிலிருந்து நாம் பெறும் பாடம்.

இலங்கையில் அக்கல்வியைப் பிரஜைகளின் உரிமையாக்கியவர் அந்நாளைய கல்வி மந்திரி கன்னங்கரா. அவர் முன்னின்று கொண்டுவந்த இலவசக் கல்வி, பாலர் வகுப்பு முதல் சர்வகலாசாலை ஈறாக, 1945 இல் நடைமுறைக்கு வந்தது. பின்னர் 1974 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகம் தோன்றி அவ்வுரிமை நம்மூர் வாசலுக்கே வந்தபோது, அதன் விஞ்ஞானபீடம் சில ஆண்டுகள் இவ்வட்டுக்கோட்டையிலேயே இயங்கியது. 1979 இல் அவ்வளாகம் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமாயிற்று.

இன்றைய நிலை யாது? உயர்தரப் பரீட்சையில் பல்கலைக்கழகத் தகுதி பெறுவோரில் மூவரில் ஒருவருக்குக்கூட அரச பல்கலைக்கழகத்தில் இடமில்லை. எஞ்சியோர் இலட்சக்கணக்கில் கட்டணம் கேட்கும் தனியார் நிலையங்களின் வாசலிலே நிற்கிறார்கள். இடம் கிடைத்தவர் வீட்டிலாவது நிம்மதி உண்டா? அராலிப் பக்கத்தில் வெங்காயத் தோட்டம் செய்யும் ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். மகளுக்குப் பேராதனையில் அனுமதி வந்த கடிதம் சுவாமிப் படத்தின்கீழ் வைக்கப்பட்டிருக்கும். அதே கிழமையில், அறை வாடகைக்கான முற்பணத்திற்காகத் தாயின் காப்பு அடைவுக்குப் போயிருக்கும். கற்கைக் கட்டணம் ஒரு சதமும் இல்லை. ஆனால் அறை வாடகை, மூன்று வேளைச் சாப்பாடு, பஸ் காசு, மடிக்கணினி என்று ஒவ்வொன்றாய்க் கூட்டினால், இலவசக் கல்வியின் விலை அந்த அடைவுச் சீட்டிலே தெரியும். பல்கலைக்கழக மாணவருக்கு அரசு வழங்கும் மகாபொல புலமைப்பரிசில் உதவாமலில்லை. ஆயினும் அரிசி விலை ஏறும் வேகத்தில் அது ஏறுவதுமில்லை, மாதந்தோறும் தவறாமல் கைக்கு வருவதுமில்லை.

ஆகையால், பல்கலைக்கழகங்களுக்கு நிதி ஒதுக்குவோர் விரிவுரை மண்டபங்களைக் கணக்கிடும்போது விடுதிக் கட்டில்களையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். புலமைப்பரிசில் வாழ்க்கைச் செலவோடு சேர்ந்து உயர்ந்து, உரிய திகதியில் மாணவர் கையைச் சேர வேண்டும். தகுதி பெற்றும் வெளியே நிற்போருக்காக, உயர் தொழில்நுட்பக் கல்வி நிலையங்களையும் வெளிவாரிப் பட்டப் படிப்புகளையும் அரசே தரமுயர்த்திக் குறைந்த செலவில் நடத்த வேண்டும். நாட்டின் பொக்கிஷம் வறண்டிருக்கிறது என்பார்கள். 1945 இலும் உலகம் ஒரு மகாயுத்தத்திலிருந்து அப்போதுதான் மீண்டிருந்தது. அன்று இந்நாடு செல்வச் செழிப்பினால் இலவசக் கல்வியைத் தொடங்கவில்லை.

இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன் ஒரு சிறு மிஷன் தன் மாணாக்கருக்கு உலை வைத்த பின்னரே பாடம் தொடங்கிற்று. மக்களின் வரிப்பணத்தில் நடைபெறும் அரசு அதனினும் குறைவாகச் செய்தல் தகாது.