கணக்கப்பிள்ளை வேண்டும், கண்காணி வேண்டாம்

தெருக் குழாயடிச் சண்டைகளைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். யார் எத்தனை குடம் பிடித்தார், யார் வரிசையில் முந்தினார் என்று விடியற்காலையிலேயே ஊர் கூடிவிடும். வீட்டுக்கு வீடு குழாய் வந்ததும் அந்தச் சண்டை ஓய்ந்தது. இப்போது வீட்டுக்குள்ளேயே வேறொரு குழாயடி வந்திருக்கிறது. மாதத்தில் இருபது நாள் ஆவதற்குள் "நெட் ஸ்லோவாயிடுச்சு" என்று ஒரு குரல். "யாரு இவ்வளவு செலவு பண்ணது?" என்று இன்னொரு குரல். அப்புறம் அன்றைய ராத்திரி சாப்பாடு ருசிக்காது.

இதில் என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரே கம்ப்யூட்டரை நாலைந்து பேர் உபயோகிக்கும் வீட்டில் யார் எவ்வளவு செலவழித்தார் என்று கணக்கு வைப்பது நியாயம். யார் எதைப் பார்த்தார் என்று எட்டிப் பார்ப்பது நியாயமில்லை. முதலாவதைச் செய்கிறேன் என்று சொல்லிக்கொண்டு இரண்டாவதைச் செய்கிறவர்கள் பெருகிவிட்டார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் அரசாங்க குமாஸ்தாவாகச் சேர்ந்த காலத்தில் வெளியூருக்குப் பேச டிரங்க் கால் புக் செய்ய வேண்டும். மூன்று நிமிஷம் ஒரு யூனிட். அலுவலகத்துக்கு ஒரே டெலிபோன். அதன் பக்கத்தில் நூல் கட்டிய பென்சிலோடு ஒரு ரிஜிஸ்டர். தேதி, ஊர், எண், எத்தனை யூனிட், அலுவலா சொந்தமா, கையெழுத்து. இவ்வளவுதான் கட்டங்கள். சொந்த அழைப்பு என்றால் மாதக் கடைசியில் கேஷியரிடம் பணம் கட்டிவிட வேண்டும். தபால்தலைக் கணக்கும் இப்படித்தான். எந்தக் கடிதத்துக்கு எவ்வளவு ஒட்டினோம் என்று எழுதுவோம். கடிதத்தில் என்ன இருந்தது என்று தபால்தலைக் கணக்கில் யாரும் எழுதியதில்லை.

ஒரு அதிகாரி வந்தார். எந்த அலுவலகம், எந்த வருஷம் என்பதெல்லாம் வேண்டாம். டிரங்க் கால் ரிஜிஸ்டரில் 'பேசிய விஷயம்' என்று ஒரு கட்டம் கூடுதலாகப் போடச் சொன்னார். போட்டோம். அடுத்த மாதம் சொந்த அழைப்பு ஒன்றுகூட இல்லை! எல்லாம் அலுவல். பெண்ணுக்கு வரன் பேசியவரும் 'கோப்பு சம்பந்தமாக' என்று எழுதினார். கேஷியரிடம் ஒரு காசு வரவில்லை, டெலிபோன் பில் மட்டும் முன்பு போலவே வந்தது. விஷயத்தைக் கேட்கப் போய் இருந்த கணக்கும் பொய்க்கணக்கானது. பிறகு அந்தக் கட்டத்தை எடுத்துவிட்டோம்.

இப்போது நம் வீட்டுக் கதைக்கு வருகிறேன். நம் வயதுக்காரர்கள் குழப்பிக்கொள்ளும் இரண்டு விஷயங்களை முதலில் பிரித்துச் சொல்ல வேண்டும். வேகம் வேறு, அளவு வேறு. குழாயின் பருமன் வேகம், பிடித்த குடங்களின் எண்ணிக்கை அளவு. 100 எம்.பி.பி.எஸ். இணைப்பு என்று விற்கிறார்களே, அது பிட் கணக்கு. எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். ஆகவே நொடிக்கு 12.5 எம்.பி. வரை வரலாம் என்று அர்த்தம். மாதத்துக்கு இத்தனை ஜி.பி. என்பது குடக் கணக்கு. அந்தக் கணக்கு தீர்ந்ததும் பல திட்டங்களில் இணைப்பை வெட்டுவதில்லை, குழாயைச் சன்னமாக்கிவிடுகிறார்கள். "நெட் ஸ்லோ" என்பது பல வீடுகளில் இதுதான்.

குடத்தைப் பிடித்தது யார்? வைஃபை பெட்டிக்குத் தெரிவது எந்தக் கருவி என்பது மட்டுமே. தபால்காரருக்குக் கதவு எண் தெரியும். உறையை வீட்டில் யார் பிரித்துப் படித்தார் என்று அவருக்கு எப்படித் தெரியும்? ஒரே கம்ப்யூட்டரில் ஐந்து பேரும் ஒரே பெயரில் நுழைந்தால் கணக்கு என்று ஒன்று இருக்கவே முடியாது. வருகைப் பதிவேட்டில் எல்லோரும் ஒருவர் பெயரிலேயே கையெழுத்துப் போட்டதைப் போல.

ஆகவே முதல் வேலை, ஆளுக்கொரு கணக்கு, ஆளுக்கொரு பாஸ்வேர்டு. விண்டோஸில் இதற்குக் காசு கிடையாது. அவரவர் கணக்கில் நுழைந்து கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒருசேர அழுத்தினால் 'டாஸ்க் மேனேஜர்' திறக்கும். அதில் 'ஆப் ஹிஸ்டரி' என்ற பக்கம் இருக்கிறது. எந்தத் தேதியிலிருந்து, எந்த மென்பொருள், எத்தனை எம்.பி. இழுத்தது என்று காட்டும். எல்லா மென்பொருளையும் காட்டு என்ற விருப்பத்தை அதிலேயே தேர்ந்தெடுத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் சில விட்டுப்போகும். கம்ப்யூட்டர் தனக்காக இறக்கிக்கொள்ளும் அப்டேட்டும் அந்தப் பட்டியலிலேயே வரும். அதை யார் தலையிலும் கட்டாமல் தனி வரியாக எழுத வேண்டும். எழுந்து போகும்போது 'சைன் அவுட்' செய்துவிட்டுப் போக வேண்டும். ஒருவர் கணக்கைத் திறந்தபடி விட்டுவிட்டு அடுத்தவர் நுழைந்தால் முதலாமவர் கணக்கு பின்னாலிருந்து ஓடிக்கொண்டே இருக்கும்.

இந்தப் பட்டியல் எந்த மென்பொருள் என்று சொல்லும், எவ்வளவு என்று சொல்லும். அந்த மென்பொருளில் என்ன பார்த்தீர்கள் என்று சொல்லாது. எனக்கு இதில் பிடித்ததே அதுதான்.

எங்கள் வீட்டில் மாதம் 350 ஜி.பி. திட்டம். மூன்று மாதம் தொடர்ந்து தீர்ந்துபோனதும் பழி பேரன் தலையில் விழுந்தது. பதினேழு வயது, கம்ப்யூட்டர் விளையாட்டில் பிரியம், வேறு சாட்சி தேவையா? என் மகன் ஒரு மென்பொருளைப் பற்றிக் கேள்விப்பட்டு வந்தான். பையனின் கணக்கில் போட்டுவிட்டால் எந்தத் தளம், எத்தனை மணிக்கு என்று குறிக்கும். திரையை அவ்வப்போது படம் பிடித்து அப்பாவின் செல்லுக்கு அனுப்பும். பையனுக்குத் தெரியவே தெரியாது.

"உனக்கு டேட்டா கணக்கு வேணுமா, பையன் கணக்கு வேணுமா?" என்று கேட்டேன்.

"ரெண்டும்தான்பா" என்றான்.

"ரெண்டும் வேணும்னா ரெண்டுக்கும் தனித்தனியா வா" என்று சொல்லிவிட்டேன்.

நாலு வாரம் கணக்கு எழுதினோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரவர் தன் கணக்கைத் திறந்து தொகையைப் படிக்க, நான் நோட்டில் எழுதினேன். என் மனைவி 176 ஜி.பி., மருமகள் 41, பேரன் 38, மகன் 17, நான் 6, கம்ப்யூட்டரின் சொந்தச் செலவு 9. ஆக 287. செல்பேசிகள் வைஃபையில் இழுத்தது, அவரவர் செல்லின் செட்டிங்ஸில் பார்த்துச் சொன்னபடி, 90. மொத்தம் 377.

176-ஐக் கேட்டதும் என் மனைவிக்குக் கோபம். "பாட்டுதானே கேட்டேன்? படத்தை யாரு பார்த்தா?" அவள் சொன்னது சத்தியம். காலையில் காய் நறுக்கும்போது யூடியூபில் பழைய பாட்டைப் போட்டுவிடுவாள், தினம் நாலு மணி நேரம் ஓடும். யாரும் பார்க்காவிட்டாலும் படம் வந்துகொண்டுதான் இருக்கும். மணிக்கு ஒன்றரை ஜி.பி. என்று போட்டால்கூட 28 நாளைக்கு 168 ஆகிறதே! வீடியோவின் தரத்தை 144 என்று குறைத்து வைத்தோம். பாட்டு அப்படியே ஒலிக்கிறது. அடுத்த மாதம் அவள் கணக்கு 15 ஜி.பி.

விளையாட்டைப் பற்றியும் ஒன்று தெரிந்தது. புது விளையாட்டை இறக்கும்போது சில விளையாட்டுகள் 50, 100 ஜி.பி.கூட இழுக்கும். இறக்கிய பிறகு விளையாடுவதற்குப் போவது சொற்பம். "அவ்வளவு போகாது தாத்தா" என்று பையன் முதல் நாளே சொன்னான். அவன் சொல்லை அன்று யாரும் காதில் வாங்கவில்லை.

இதை யோசித்துப் பாருங்கள். அந்த மென்பொருளைப் பையன் கணக்கில் போட்டிருந்தால் 350 ஜி.பி. எங்கே போகிறது என்பதைப் பற்றி ஒன்றும் தெரிந்திருக்காது. பையனைப் பற்றி எல்லாம் தெரிந்திருக்கும். டேட்டா தொடர்ந்து தீர்ந்துகொண்டே இருக்கும், அப்பனுக்கும் பிள்ளைக்கும் பேச்சு நின்றிருக்கும்.

பிள்ளை கெட்டுப்போகாமல் பார்க்க வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். சின்னக் குழந்தைகளுக்கு எதைத் திறக்கலாம், எத்தனை மணி வரை என்று கட்டுப்பாடு வைக்க விண்டோஸிலேயே வழி இருக்கிறது. அதை அவர்களுக்குத் தெரிந்து வையுங்கள். பதினேழு வயதுப் பிள்ளையிடம் உட்கார்ந்து பேசுங்கள். எதுவானாலும் அதை டேட்டா கணக்கின் முந்தானைக்குள் ஒளித்துக் கொண்டுவராதீர்கள். பிரவுசிங் சென்டர்களுக்கு 2011-இல் விதி போட்டு, வருகிறவரின் அடையாளத்தை வாங்கு, பதிவேட்டை ஒரு வருஷம் வைத்திரு என்று சொன்னார்கள். அது முன்பின் தெரியாதவர்கள் வந்துபோகும் கடை. வீட்டில் இருப்பவர்கள் அப்படி வந்துபோகிறவர்களா?

நம் சமாச்சாரத்தையும் பார்ப்போம். டாக்டர் சீட்டில் எழுதிய வியாதியின் பெயரை நடுராத்திரியில் எழுந்து தட்டிப் பார்க்காத கிழவன் நம்மில் யார்? அது மறுநாள் காலை மகனின் செல்லில் படமாக நிற்க வேண்டுமா? மருமகள் வேறு வேலை தேடுகிறாளோ, பிறந்த வீட்டுக்கு என்ன எழுதினாளோ, அது அவள் பாடு.

நான் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன் என்பது உங்களுக்குத் தெரியும். 'கோந்த்ரோல்' என்ற சொல்லுக்கு மூலம் 'கோந்த்ர்-ரோல்'. ஒரு பேரேட்டுக்கு எதிராக, அதைச் சரிபார்க்க வைத்திருக்கும் இரண்டாவது பேரேடு. ஆதியில் அதன் பொருள் அடக்கி ஆள்வது அல்ல, கணக்கைக் கணக்கோடு ஒத்துப் பார்ப்பது. 'சுர்வெய்யான்ஸ்' வேறு சொல். மேலே நின்றுகொண்டு கண்ணைக் கொட்டாமல் பார்ப்பது. தமிழிலும் இரண்டு ஆட்கள் உண்டு. ஒருவர் கணக்கப்பிள்ளை. இன்னொருவர் கண்காணி. இலங்கை, மலேயா தோட்டங்களுக்குப் போன நம்மவர்களுக்குக் கண்காணி யார் என்று விளக்க வேண்டியதில்லை.

பிரான்ஸில் இருக்கும் என் அக்கா வீட்டில் டெலிபோன் பில்லைப் பார்த்து ஆச்சரியப்பட்டிருக்கிறேன். விவர பில்லில் கூப்பிட்ட எண்ணின் கடைசி நாலு இலக்கம் மறைந்திருக்கும். சந்தாதாரர் தனியாகக் கேட்டால்தான் முழு எண். ஏன் என்றால், பணம் கட்டுகிறவர் ஒருவர், பேசுகிறவர்கள் வீட்டில் பலர். எத்தனை நிமிஷம், எவ்வளவு காசு என்பது பணம் கட்டுகிறவருக்குத் தெரிய வேண்டும். யாரோடு என்பது அப்படியல்ல. கம்ப்யூட்டர் பதிவுகளுக்காக 1978-லேயே சட்டம் போட்ட தேசம் அது.

நம் நாட்டிலும் 24-8-2017 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்புச் சொன்னார்கள். 2023-இல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஆனால் ஒருவர் தன் சொந்த, வீட்டுக் காரியத்துக்காகச் செய்வதை அந்தச் சட்டம் தொடுவதில்லை. அதாவது நம் வாசற்படியோடு அது நின்றுவிடுகிறது. உள்ளே இருப்பது நம் மரியாதை மட்டும்தான்.

குமாஸ்தா புத்தி, நாலு விதியாவது எழுதாமல் முடிக்க மனம் வராது.

ஒன்று: கணக்கு எழுதினால் வீட்டில் எல்லோருடையதும் எழுத வேண்டும், பணம் கட்டுகிறவர் உட்பட.

இரண்டு: தொகையை எழுதலாம், விஷயத்தை எழுதக்கூடாது.

மூன்று: அவரவர் கணக்கை அவரவரே திறந்து படிக்க வேண்டும். அடுத்தவர் பாஸ்வேர்டு நமக்கு வேண்டாம்.

நான்கு: நோட்டு எல்லோர் கைக்கும் எட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

எங்கள் வீட்டு நோட்டு இப்போது காலண்டர் ஆணியில் தொங்குகிறது. போன மாதம் மொத்தம் 231 ஜி.பி. மகனின் மென்பொருள் யோசனை கைவிடப்பட்டது என்று சொல்ல முடியாது, ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது. மறுபடி எடுத்தால் என் பதில் இதேதான்.